கட்டுச்சோறு போன நாளில் ஒரு பல் தள்ளி நின்ற பெல்ட்

என் நங்கையின் மகளுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோன அன்றுதான் எங்கள் கார் காலை வாரிவிட்டது. நங்கை என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் மகளைக் கொமரலிங்கத்தில் கொடுத்திருந்தார்கள். நிறைமாதம். பிறந்த வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய், அங்கே எல்லோருக்கும் பரிமாறி, பெண்ணுக்கு வளையல் அடுக்கி, பிரசவத்துக்கு அழைத்து வரவேண்டும். உறவுக்காரர்கள் வேனில் போவதாகவும், சோற்றுப் பாத்திரங்களும் நங்கையும் என் காரில் வருவதாகவும், திரும்பும்போது பெண்ணும் அதே காரில் வருவதாகவும் ஏற்பாடு.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரருக்கு அதில் ஆர்வம் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவதில் மட்டும் உண்டு. திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். காதர்பேட்டைக்குப் பனியன் பண்டல் கொண்டுபோவதிலிருந்து அவசரத்துக்கு நூல் வாங்கப் போவது வரை எல்லாமே அந்தப் பழைய டீசல் கார்தான். என் கைக்கும் காலுக்கும் அது அவ்வளவு பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அதன் சத்தத்தைச் சொல்லிவிடுவேன்.

பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வரப்போகிறோமே என்றுதான் அந்த வாரம் வண்டியை ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டோம். டைமிங் பெல்ட் மாற்றும் கெடுவும் வந்திருந்தது. எஞ்சினுக்குள் மேலேயும் கீழேயும் சுற்றுகிறவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பல் வைத்த பெல்ட் அது. ஓடும்போது அறுந்தால் எஞ்சின் அவ்வளவுதான். வழியில் எந்தக் கஷ்டமும் வரக்கூடாது என்று அதையும் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர்.

வண்டியை எடுக்கப் போனபோதே சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பவில்லை. கொஞ்சம் இழுத்து, பிறகு உலுக்கிக்கொண்டு கிளம்பியது. கேட்டதற்கு, புது பெல்ட் மேடம், நாலு தடவை ஓட்டினால் செட்டாகிவிடும் என்றார் மேனேஜர். வீட்டில் சமையலுக்கு ஆள் வந்திருந்தது, பூவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சரி என்று வந்துவிட்டேன்.

கட்டுச்சோற்று அன்று காலை வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு வேன் முன்னால் போய்விட்டது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, அரிசிம்பருப்புச் சோறு என்று பாத்திரங்களைப் பின்னால் அடுக்கி, சாயாமல் இருக்க எங்கள் யூனிட்டின் கட்டிங் வேஸ்ட் துணியை இடையில் திணித்துக் கிளம்பினோம். நங்கை அரக்குப் பட்டு, நான் பச்சைப் பட்டு. ஊரைத் தாண்டும் வரை மெல்லத்தான் போனோம், ஒன்றும் தெரியவில்லை. பல்லடம் தாண்டி உடுமலை சாலையில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி இழுக்கவில்லை. இன்னும் மிதித்தேன். சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை. மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஒரு டவுன்பஸ் எங்களை ஒதுக்கிவிட்டுப் போனது. அப்புறம் ஒரு மொபெட், பின்னால் புல்லுக்கட்டோடு.

“ஏங்கண்ணு, மொபெட்டுக்காரன் நம்மளத் தாண்டிப் போறான்?” என்றார் நங்கை.

ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்காமல் இறங்கிப்போய் பானெட் மேல் கையை வைத்தேன். குலுக்கம் ஒரே கணக்காக வந்துகொண்டிருந்தது. டர், டர் என்று ஓடி, நடுவில் ஏதோ ஒன்று வரவேண்டிய நேரத்துக்கு வராமல் கொஞ்சம் பிந்தி வந்து சேர்வதுபோல. அப்போதுதான் எனக்கு உடம்பில் ஒரு மின்னல் ஓடியது. இந்தக் குலுக்கம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஓவர்லாக் மெஷினில் ஊசி கீழே இறங்கி ஏறும்போது லூப்பர் என்ற கொக்கி சரியான நேரத்துக்கு வந்து நூலைப் பிடிக்க வேண்டும். லூப்பரின் திருகு ஒரு மயிரிழை நழுவினாலும் மெஷின் ஓடும், சத்தம் போடும், ஆனால் தையல் விட்டு விட்டு விழும். மெக்கானிக் வரும்வரை காத்திருக்க முடியாமல் அந்த டைமிங்கை நானே வைத்துப் பழகியிருக்கிறேன். இப்போது கார் படும் பாடும் அதே மாதிரிதான் இருந்தது. எதுவும் உடையவில்லை, எதுவும் அடைக்கவில்லை. ஒன்று இன்னொன்றுக்கு நேரம் தவறி வருகிறது. ஷோரூமில் புதிதாகத் தொட்டதும் அந்த நேரத்தை வைக்கும் பெல்ட்டைத்தான்.

பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஒரே பரபரப்பு. உடனே அதைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று கை குறுகுறுத்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வேனைத் திருப்பி அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், நீங்கள் தாய்மாமன், நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும், பேச்சுக் கொடுத்துச் சமாளியுங்கள், நாங்கள் எப்படியும் வந்துவிடுவோம் என்றேன். எப்படி வருவோம் என்று எனக்கே தெரியாது. மேலே போனால் எஞ்சினுக்கு என்ன ஆகுமோ என்று வண்டியைத் திருப்பி, மாட்டு வண்டி வேகத்தில் ஷோரூமுக்கே விட்டேன். வழி முழுக்க நங்கை பழனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு தலை நிறைய மல்லிகையோடு நாங்கள் நுழைந்ததும் சோபாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெயிலில் சோறு கெட்டுப்போகும் என்று நங்கை பாத்திரங்களையும் ஏசிக்குள் கொண்டுவரச் செய்துவிட்டார். பளபளவென்று நின்ற புதுக் கார்களுக்கு நடுவே புளிச்சோற்று வாசம் கமகமத்தது.

மேனேஜர் கம்ப்யூட்டரை வண்டியில் மாட்டிப் பார்த்தார். ஏதோ எண் வந்தது. இன்ஜெக்டர் அழுக்காக இருக்கும், க்ளீன் செய்ய வேண்டும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குச் சொல்கிறோம் என்றார்.

“இங்க விடறதுக்கு முந்தி வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க. நீங்க தொட்டது பெல்ட்டு. அப்ப மொதல்ல பெல்ட்டத்தான் பாக்கோணுமுங்க” என்றேன்.

பெல்ட் மாற்றியது எங்கள் சீனியர் மெக்கானிக், அதில் தவறு வராது என்றார் அவர், சிரித்த முகமாகவே. அதற்குள் அந்த சீனியரே பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். பேச்சிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது. என்ன சத்தம் என்று என்னிடம் கேட்டார். நான் லூப்பர் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லி, எஞ்சின் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். முகம் மாறியது.

“அக்கா சொல்லுதது சரியா இருக்கும் போலதான் தெரியுது. நான் போட்ட பெல்ட்டுதான். தெறந்து பாத்திருவோம்” என்றார்.

பட்டறைக்குள் வாடிக்கையாளர்களை விடமாட்டார்களாம். நாங்கள் போனோம். யாரும் தடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த லிப்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் பக்கவாட்டில் சக்கரத்தைக் கழற்றினார், எஞ்சினை முட்டுக் கொடுத்து நிறுத்தினார், பெல்ட்டின் மேல்மூடியையும் கீழ்மூடியையும் எடுத்தார். கழன்ற ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணிக்கொண்டே நின்றேன். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவளைப்போல இருந்தேன். பெல்ட் புதுக் கறுப்பாக மின்னியது. பெல்ட்டின் கீழ்முனையில் இருந்த பல்சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்டு மெல்ல மெல்லச் சுற்றினார். கீழ்ச் சக்கரத்தில் போட்டிருந்த குறி அதன் இடத்தில் வந்து நின்றது.

“இப்ப மேல பாருங்கக்கா” என்று டார்ச்சைப் பிடித்தார்.

மேல் சக்கரத்தின் குறி, நிற்கவேண்டிய கோட்டுக்கு நேரே இல்லை. ஒரே ஒரு பல் தள்ளி நின்றது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. கத்தவேண்டும் போல இருந்தது, பட்டுச்சேலையை நினைத்து அடக்கிக்கொண்டேன். நங்கை எட்டிப் பார்த்து, எது, எது என்று கேட்டு, அவருக்கும் காட்டினோம்.

“இந்த ஒத்தப் பல்லுக்கா இத்தன கூத்து?” என்றார்.

சீனியர் சிரிக்கவில்லை. பெல்ட்டைப் போட்டு, அதை விறைப்பாக வைக்கும் டென்ஷனரை இறுக்கும்போது மேல் சக்கரம் லேசாகத் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு கையால் சுற்றி இரண்டு குறியும் சேருகிறதா என்று பார்த்துத்தான் மூடவேண்டும் என்று விளக்கினார். “அன்னைக்கும் சுத்திப் பாத்தேன்னுதான் நெனச்சிட்டு இருக்கேன்க்கா. பாக்கல போல. இன்னொரு பல்லு தள்ளியிருந்தா உள்ள வால்வு இடிச்சு வளைஞ்சிருக்கும். நீங்க திருப்பிக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு” என்றார். மேனேஜருக்கு முன்னாலேயே சொன்னார். எனக்கு அவர்மேல் அதற்கப்புறம் கோபம் வரவில்லை.

உள்ளே ஏதும் அடிபட்டிருக்கிறதா என்று சோதித்து, வேறு புது பெல்ட் போட்டு, ஓட்டிப் பார்த்துத் தர மத்தியானம் தாண்டும் என்றார்கள். அங்கிருந்தோ வீட்டுக்காரர் போன்மேல் போன். முகூர்த்த நாள், வாடகைக் கார் எதுவும் கிடைக்காது. மேனேஜர் ஒரு நிமிடம் யோசித்தார். உள்ளே போய், வாடிக்கையாளருக்கு ஓட்டிக் காட்ட வைத்திருக்கும் புதுக் காரின் சாவியோடு வந்தார். அதை ஓட்ட ஷோரூமில் வேலை செய்யும் ஒரு பெண்ணையும் அனுப்பினார். பட்டறை ஆட்கள் நாலுபேர் சோற்றுப் பாத்திரங்களைத் தூக்கி அந்தக் காரில் வைத்தார்கள். இருக்கையின் பாலித்தீன் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. ஒரு சொட்டுத் தயிர் சிந்தினாலும் தொலைந்தோம் என்று நங்கை தயிர்ச்சோற்றை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. வேகமாகவும் போனாள், அலுங்காமலும் போனாள். பழக்க தோஷம், வழியெல்லாம் காரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்த பட்டனை அழுத்தினால் மேற்கூரை திறக்கும் மேடம் என்று திறந்தும் காட்டினாள். உடுமலைப் பக்கத்துக் காற்று உள்ளே இறங்கி என் தலைப்பூவில் பாதியைக் கொண்டுபோனது. நங்கை கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் எதுக்குச் சாமி, மூடிப்போடு என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது பந்தலில் எல்லோரும் தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கார் வாங்கிவிட்டோம் என்று நினைத்துச் சம்பந்தி வீட்டார் எழுந்து ஓடிவந்தார்கள். விளக்கம் சொல்ல நேரமில்லை. நேரே இலை போட்டோம். நல்ல நேரம் கழிவதற்குள் நங்கை மகளுக்கு முதல் வளையலைப் போட்டுவிட்டார். அப்புறம் எல்லோரும் போட்டோம். ஷோரூம் பெண் ஓரமாக நின்றிருந்தாள். அவளையும் இழுத்து உட்காரவைத்து இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்டார் நங்கை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, வளையல் கலகலக்க ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள்.

வெயில் தாழும் நேரத்தில் தென்னந்தோப்பு முனையில் ஒரு ஹாரன் கேட்டது. எங்கள் ஹாரன். ஓடிப்போய்ப் பார்த்தால், சீனியரே எங்கள் காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தூரம் ஓட்டிப் பார்த்துத்தானே ஆகவேண்டும், இங்கேயே கொண்டுவந்து கொடுத்தால் உங்களுக்கும் உபகாரம் என்று வந்துவிட்டாராம். எஞ்சினை அணைக்காமல் இறங்கி, பானெட்டைத் திறந்து, “நீங்களே கேட்டுச் சொல்லுங்கக்கா” என்றார்.

கையை வைத்தேன். குலுக்கம் இல்லை. விட்டுப்போகாத தையல்போல ஒரே சீராக ஓடியது. சரியா இருக்குதுங்க என்றேன். அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. மிச்சமிருந்த புளிச்சோற்றை இலையில் வைத்தோம். காலையில் ஷோரூமில் வாசம் பிடித்ததிலிருந்து இதே நினைப்புதான் என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். பிறகு உறவுக்காரர்கள் வேனிலேயே ஏறி, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினார்.

நங்கையின் மகளைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தோம். மடியில் ஒரு கை, கை நிறைய வளையல். மெதுவாகத்தான் எடுத்தேன். குடிமங்கலம் பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்த நேர்ச்சாலையில் முன்னால் ஒரு பஞ்சு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ஒன்றும் வரவில்லை. கியரை மாற்றி ஒரு மிதி மிதித்தேன். வண்டி சட்டென்று எழும்பிப் பாய்ந்து லாரியைத் தாண்டி வெளியே வந்தது.

“பாத்து, பாத்து” என்றார் நங்கை.

“அம்மா, சும்மா இருங்க” என்றாள் மகள். “அத்தை, புள்ள உள்ள உதைக்குதுங்க. அதுக்குப் புடிச்சிருக்குது. இன்னொருக்கா போங்க.”

இன்னொரு லாரி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.