ரேகை விழாத கை

முந்திரித் தோடு எரிகிற புகை மூக்கில் ஏறினால் எனக்குத் தொண்டை கசக்கும். செந்துறைப் பக்கம் போகையில் பஸ் ஜன்னலை இழுத்து மூடுவேன். மூடினாலும் வரும். வந்தால் அக்கா மகளின் விரல்கள் கண்முன் நிற்கும்: நுனித்தோல் உரிந்து, வழவழவென்று, அவித்த கிழங்கு மாதிரி.

அப்பா இல்லாத பிள்ளை. அக்காவும் அவளும் வீட்டில் முந்திரி உடைத்துக் கொடுத்த கூலியில்தான் சாப்பிட்டார்கள். தோட்டின் எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு மறுபடி உடைப்பார்கள். அரசுப் பணத்தில் இலவச லேப் டெக்னீஷியன் பயிற்சி, முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை என்றார்கள். அரியலூரில் ஒரு மையத்தில் சேர்த்துவிட்டேன். விடியலில் உடைத்துவிட்டு பஸ் பிடித்தாள். ஒரு நாள் தவறவில்லை.

அவள் வந்தது வருகை பதிகிற ரேகை மெஷினுக்குத்தான் தெரியவில்லை. விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. "அப்புறம் பாத்துக்கலாம்மா, உள்ள போ" என்றே மையத்தில் நாட்களை ஓட்டியிருக்கிறார்கள். ரேகையை வைத்துவிட்டு டீக்கடைக்கும் தியேட்டருக்கும் போனவர்கள் மெஷின் கணக்கில் வகுப்பில் இருந்தார்கள். வகுப்பில் இருந்தவள் கணக்கில் இல்லை.

வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றதும் போய்க் கேட்டேன்.

"பொண்ணு தெனம் வந்துச்சு சார், இல்லேங்கல. நல்லாவே ரத்தம் எடுக்கும்" என்றார் மையத்துக்காரர். "ஆனா ரேகைக்குத்தாங்க கவர்மெண்ட் பணம் தருது. ரேகை இல்லாத ஆள நாங்க எப்புடிக் காட்டுறது?"

"ரேஷன் கடையிலகூட ரேகை விழலேன்னா கண்ணக் காட்டச் சொல்றாங்களே?"

"அது அரிசி சார். இது படிப்பு."

சிரித்தார். பக்கத்து நாற்காலியும் சிரித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பணம். அது தேடிப்போனதோ வேலை செய்து தேயாத விரல்களை.

பஸ் ஸ்டாண்டில் அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும்.

"பெரம்பலூர்ல இன்னொரு மையம் இருக்கு, கேப்போம்" என்றேன்.

"அங்கயும் இதே விரலத்தான மாமா கொண்டுட்டுப் போவணும்?"

"கொஞ்ச நாள் ஒடைக்காம இரு. தோலு வளந்துரும்."

"அதுவரைக்கும் சோத்துக்கு?"

கண்டக்டர் விசில் அடித்தார். படியில் ஏறியவள் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"அம்மா கேட்டா பரீட்ச தள்ளிப்போயிடுச்சுன்னு சொல்லுங்க மாமா. கையாலதான்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்பறம் அது ஒரு வாய் சோறு திங்காது."