நாலாவது ஆள்

வேங்கிக்காலிலிருந்து டவுனுக்கு தினமும் ஷேர் ஆட்டோவில்தான் வேலைக்குப் போவேன். பின் சீட்டில் நாலு பேர் உட்காருவார்கள். நான் ஏறினால் என்னோடு சேர்த்து மூன்று பேருக்குத்தான் இடம். நான் வழக்கமாக ஏறும் ஆட்டோவின் டிரைவர் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மூன்று பேரோடேயே வண்டியைக் கிளப்பிவிடுவார்.

உடம்பைக் குறைக்க இரண்டு வருடமாகக் காலையில் நடைப்பயிற்சி போகிறேன், சோற்றையும் குறைத்துவிட்டேன். ஆனாலும் கடைசி சில மாதங்களாக எடை இறங்கவேயில்லை. எல்லாவற்றையும் விட்டுத்தொலைக்கலாம் என்ற எரிச்சலோடுதான் அன்றைக்கு ஏறினேன். என்னோடு சேர்த்து மூன்று பேர் ஆகியும் வண்டி கிளம்பவில்லை.

"இன்னும் ஒரு ஆள் உக்காரலாம், வாங்கக்கா!" என்று டிரைவர் ரோட்டைப் பார்த்துக் கத்தினார்.

கூடையோடு ஒரு அம்மா ஏறி என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் நசுங்கியதே இல்லை.

இறங்கும்போது டிரைவரிடம், "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.