பரணில் இல்லாத பெட்டி

இந்த நினைவு மலரின் அட்டையில் இருப்பது அப்பாவின் ஆதார் படம். அவர் விரும்பியது இதுவல்ல. புது வீட்டுக்குக் குடிவந்த அன்று அம்மாவோடு எடுத்துக்கொண்ட படத்தைத்தான் போட வேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்தார். அது இல்லாமல் போனதற்கு நானே காரணம். கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எளாவூரில் பிறந்த அப்பா, இளம் வயதில் லாரிகளில் மூட்டை ஏற்றியவர். பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரு காகித ஆலையில், அமெரிக்காவிலிருந்து வரும் கழிவுக் காகிதத்தைப் பிரிக்கும் வேலை. புகைப்படங்கள் கூழாகக் கரையாது என்பதால் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தார். கடை வாசலில் கத்தரிக்கோலோடு நிற்கும் முடிதிருத்துபவர், டப்பா அடுக்குகளுக்கு நடுவே சிரிக்கும் மளிகைக்கடைத் தம்பதி, புல்வெளியில் நீள மேசை போட்டுச் சாப்பிடும் ஓர் ஊர். எல்லாம் எழுபது ஆண்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்.

உடன் வேலை பார்த்த பாஷா மாமா கிண்டல் செய்வார். "இன்னாண்ணே, உங்க அமெரிக்கா சம்பந்திங்க இன்னிக்கு எத்தினி பேரு வந்துகிறாங்க?"

அப்பா சிரிப்பார். பிறகு என்னிடம் கேட்பார். "பெத்தவங்க படத்த எப்டிம்மா தூக்கிப் போட மனசு வந்துது?"

அம்மா இறந்த பிறகு, தங்கள் படத்தையும் அந்த மளிகைக்கடைத் தம்பதியின் படத்தோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோது என் மகனுக்கு மூச்சிரைப்பு வந்தது. தூசு ஆகாது என்றார் மருத்துவர். பயத்தில் பரணையே காலி செய்தேன். பெட்டி காயலான் கடைக்குப் போயிற்று. பாஷா மாமா சொல்லித்தான் அதனுள்ளே அம்மா அப்பா படமும் இருந்தது தெரிந்தது. ஓடினேன். சரக்கு லாரியில் ஆலைக்குப் போய்விட்டிருந்தது. மாமா இரண்டு நாள் ஆலைக் கிடங்கில் நின்று தேடினார். கிடைக்கவில்லை.

வீடு திரும்பிய அப்பா முதலில் கேட்டது அதைத்தான்.

"பொட்டி கீதாம்மா?"

"கீதுப்பா. பரண் மேல."

"எறக்காத. தூசு. புள்ளைக்கு ஆவாது."

மூன்றாம் நாள் காலமானார். உண்மையைச் சொல்ல மூன்று நாட்கள் இருந்தன. சொல்லவில்லை.

ஆம்புலன்சில் உடன் வந்த பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும், பாஷா மாமாவுக்கும் கைகூப்புகிறேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களில் எங்காவது ஓர் ஓரத்தில் அப்பாவும் அம்மாவும் நின்றிருக்கலாம். தயவுசெய்து அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.