ஆபீஸ் நாற்காலி

சிவகாசி அச்சகம் ஒன்றில் பல வருடம் மெஷினில் நின்றவன் நான். காலண்டர் சீசன் முடிந்ததும், ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நின்று நின்று வீங்கிய கால்களுக்கு விடிவுகாலம் என்றிருந்தேன்.

முதல் வேலையே, என்னோடு மெஷின் ஓட்டிய மாரியப்பனிடம், “ஆர்டர் இல்ல, நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்வதுதான். சொன்னேன். அவன் கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே, “மொதலாளி சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன்லே. நீ வந்து சொல்லுற, ஒங்கிட்ட என்னத்தச் சண்டை போட?” என்றான்.

நாற்காலி எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் வீட்டில் பழக்கதோஷத்தில் மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்தேன்.

“கையில மையே இல்லியே, என்னத்தத் தேய்க்கிறீக?” என்றாள் மனைவி.

நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தும், அன்று வலித்ததுபோல் கால் என்றைக்கும் வலித்ததில்லை.