அரம் பட்ட விளிம்பு

திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த வெள்ளிக் கடையில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் எழுத்துப் படித்தவன் என்பதற்காகத்தான் முதலாளி அண்ணாச்சி என்னை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஆட்களிடம் பேசி வியாபாரம் பிடிக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. யாராவது படியேறினால் பேனாவைக் கையில் எடுத்துக்கொள்வேன். எழுதிக்கொண்டிருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள்.

கடையில் பழைய வெள்ளி வாங்குவோம். தண்டை, அரைஞாண், நெளிந்த குங்குமச் சிமிழ் என்று வருகிறவற்றோடு அவ்வப்போது பட்டாளத்து மெடல்களும் வரும். மதராஸ் பட்டாளங்களில் பலவற்றைக் கலைத்துக்கொண்டிருந்த காலம் அது. பென்ஷன் வாங்கி ஊர் திரும்பிய கிழவர்கள் செத்துப்போனால், பிள்ளைகளுக்கு அது வெறும் வெள்ளிதான். ஒரு பக்கம் ராணியின் தலை இருக்கும். விளிம்பைச் சுற்றிச் சின்ன இங்கிலீஷ் எழுத்தில் சிப்பாயின் எண், பெயர், பட்டாளம். மெடலைச் சக்கரம் போல உருட்டிக்கொண்டே படிக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர் வெட்டிய எதையும் அப்படியே உருக்கக் கூடாது. செம்போ சிமிழோ மெடலோ, முதலில் அதிலுள்ள பெயரை ஆசாரி அரம் போட்டு எடுத்துவிட வேண்டும். "ஒருத்தன் பேரை நெருப்புல போட்டா ஆளையே போட்ட மாதிரிவே" என்பார். இதில் அவர் விளையாட்டுக்குக்கூட மாறியதில்லை.

அந்த அரம் ஓடும் சத்தம் எனக்குப் பிடிக்காது. ஒரு பெயரை நான் வாசித்துச் சொல்வேன். சற்று நேரத்தில் அது தூளாகி ஆசாரியின் மடித்துணியில் கிடக்கும். ஒருநாள், மெடல் வந்தால் அரம் போடுவதற்கு முன்னால் வீட்டார் யாரென்று விசாரித்துப் பார்க்கட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரா? ஊர்க்காரன்கிட்ட நீரு பேசப் போறீரா? சரி, விசாரியும். ஆளு கிடைச்சா வாங்கின விலைக்கே குடுத்திருவோம்" என்றார்.

விசாரிக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீடு பாளையங்கோட்டையில், தினமும் ஆற்றுப் பாலத்தைக் கடந்துதான் டவுனுக்கு வருவேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் கொக்கிரகுளத்தில் சர்க்கார் கஜானா. பென்ஷன் நாளில் பழைய சிப்பாய்கள் வேப்பமரத்தடியில் கூடியிருப்பார்கள். முதல் தடவை கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டுப் பேசாமலே திரும்பிவிட்டேன். அடுத்த தடவை அவர்களாகவே கூப்பிட்டார்கள். பிறகு என்னைக் கண்டாலே கேலிதான்.

"வாரும் கணக்கரே, இன்னைக்கு எவன் பேரைக் கொண்டாந்திருக்கீரு?"

நான் பெயரையும் பட்டாளத்தையும் சொல்வேன்.

"அந்தப் பேர்ல எங்க கம்பெனியில மட்டும் ஆறு பேருவே. ஒருத்தன் குறட்டை விடுவான், ஒருத்தன் எந்நேரமும் தின்னுக்கிட்டே இருப்பான். உமக்கு எவன் வேணும்?"

"ஏலே, குறட்டை விடுதான்னு மெடல்லயா வெட்டியிருப்பான்? அவரு பாவம், முழிக்காரு பாரு!"

அவர்கள் சொன்னதும் உண்மைதான். அந்தந்த ஊர்ச் சாமியின் பெயரையே பிள்ளைகளுக்கு வைப்பதால் ஒரு தெருவுக்குள்ளேயே ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பெயரை நம்பிப் பயனில்லை, எண்தான் ஆள். இது தெரியாமல் தொடக்கத்தில் நான் எண்ணையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவிப் பக்கத்து ஆள் ஒருவர் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு வந்து, தன் சித்தப்பாவின் மெடல் என்று வாங்கிப்போய் அம்பாசமுத்திரத்தில் விற்றுவிட்டார். அதிலிருந்து பெயரை மட்டும் சொல்வேன், எண்ணைச் சொல்லமாட்டேன். உரியவர்கள் வந்து எண்ணைச் சொல்லட்டும், விளிம்போடு ஒத்துப் பார்த்துக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டேன். எழுதி வைக்கவும் இல்லை. வெள்ளியிலேயே இருக்கும்போது தனியாக எழுதுவானேன்? இந்த ஏற்பாட்டில் சில மெடல்கள் சரியான வீடு போய்ச் சேர்ந்தன.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம் தூத்துக்குடி வியாபாரி ஒருவர் கொண்டுவந்த பழைய வெள்ளி மூட்டையில் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த சீனச் சண்டையின் மெடல் ஒன்று இருந்தது. கொழும்பிலிருந்து வந்த வெள்ளி அது, யார் விற்றது என்று அவருக்கே தெரியாது. நான் விளிம்பைப் படித்தேன். பெயர், பட்டாளம், நான்கு இலக்கத்தில் ஓர் எண். கொக்கிரகுளத்தில் பெயரைச் சொன்னபோது, அதே பட்டாளத்தில் இருந்த ஒரு கிழவர், "களக்காட்டுப் பக்கம் அந்தப் பேர்ல ஒருத்தன் எங்ககூடக் கப்பலேறினான். திரும்பி வரலைன்னு சொல்லுதாக. நான் ஆள் சொல்லி அனுப்புதேன்" என்றார்.

ஆடி அமாவாசை கழிந்து இரண்டொரு நாளில் களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும் கடைக்கு வந்தார்கள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் துணியில் சுற்றிய ஒரு பித்தளைச் செம்பு. தம்பிதான் விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணாச்சி, மச்சான் சீனாவுக்குக் கப்பலேறும்போது மக கைப்பிள்ளை. போற வழியிலேயே காய்ச்சல்ல செத்துட்டாகன்னு எவனோ சொன்னான். மனு எழுதிப் போட்டோம், பதிலே வரலை. அக்கா நம்பலை, தாலியையும் எறக்கலை. இப்ப மகளுக்குத் தையில கல்யாணம். மச்சானுக்கு மூத்தவரு சொல்லுதாரு, செத்தவன் தாலியைக் கட்டிக்கிட்டு எவளும் பந்தல்ல நிக்கக் கூடாது, ஒண்ணு எறக்கு, இல்லைன்னா அடுப்படியிலேயே இருன்னு."

"வழியிலேயே செத்திருந்தா மெடல் ஏது?" என்றார் அண்ணாச்சி.

"அதைத்தான் அந்தப் பட்டாளத்துத் தாத்தாவும் சொன்னாக. செத்தவன் மெடல்னா சர்க்கார் வீட்டுக்கு அனுப்பியிருக்கும், வெளிய அலையுதுன்னா அவன் கையில வாங்கியிருக்கான்னு."

கையில் வாங்கினவர் ஏன் ஊர் வரவில்லை என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அவளுக்கும் எழுந்திருக்கும். அதை அவள் கேட்கவில்லை. துணியைப் பிரித்துச் செம்பை என் முன்னால் வைத்தாள். பட்டாளத்தில் ஒவ்வொருவர் சாமானிலும் அவரவர் எண்ணை அடித்துக் கொடுப்பார்களாம். கடைசியாக லீவில் வந்தபோது அவர் விட்டுவிட்டுப் போன செம்பு அது. கழுத்துக்குக் கீழே நான்கு இலக்கங்கள், புளி போட்டு விளக்கி விளக்கி மழுங்கியிருந்தன.

பார்த்தவுடன் "இதேதான், நான் படித்த எண் இதேதான்" என்று சத்தமாகச் சொன்னேன். நான் சத்தம் போட்டதைக் கேட்டு ஆசாரி பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து மெடலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் செம்பின் எண்ணை வருஷக்கணக்காக விரலால் தடவி அறிந்திருந்தாள். கட்டைவிரலை மெடலின் விளிம்பில் வைத்துப் பைய ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுபடியும் சுற்றினாள்.

"ஒண்ணும் தட்டுப்படலையே அண்ணாச்சி."

நான் வாங்கிப் பார்த்தேன். விளிம்பு வழவழவென்று இருந்தது.

ஆடி அமாவாசைக்குக் கடை அடைப்பு. நான் பாளையங்கோட்டை வீட்டில் இருந்தேன். அண்ணாச்சி ஆற்றில் முழுகித் தன் முன்னோர்களுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வரும்போது, பெட்டியில் கிடக்கும் பெயர்களின் நினைவு வந்திருக்கிறது. செத்தவர்களை விடுவிக்க அதைவிட நல்ல நாள் இல்லை என்று நினைத்திருக்கிறார். ஆசாரியை வரச்சொல்லி, பெட்டியில் இருந்த எல்லாப் பெயரையும் அரம் போட்டு எடுத்து, அந்தத் தூளையும் ஆற்றிலேயே விட்டுவிட்டார். வெள்ளித்தூளை ஆற்றில் விட எந்த வியாபாரிக்கு மனம் வரும்? அவர் அதைப் புண்ணியமென்று நம்பித்தான் செய்தார். பெயரை நான் ஏற்கெனவே ஊரில் சொல்லிவிட்டதால், விளிம்போடு ஒத்துப் பார்ப்பது இனியும் வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"தாயி, நான் நல்லது நெனச்சில்லா செஞ்சேன்" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. "அப்போ மூத்தவுககிட்ட நான் எதைக் காட்ட?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசியில் அண்ணாச்சியே, "எண்ணு தெரியுமில்லா? அதையே திரும்ப வெட்டிக் குடுத்திருவோம். இருந்ததைத்தானே வெட்டுதோம், இல்லாததையா வெட்டுதோம்?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆசாரி செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளிம்பில் அந்த நான்கு இலக்கங்களையும் சிற்றுளியால் வெட்டிக் கொடுத்தார். அவள் விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். மெடலுக்கு அண்ணாச்சி எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "நீரும் கூடப் போய் நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டு வாரும்" என்று என்னை அனுப்பினார்.

வில்வண்டியில் போனோம். அவள் கணவனின் அண்ணன் வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். தம்பி மகளுக்காகப் பந்தல் செலவு முதல் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டவர். மெடலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ராணி தலை தேஞ்சு கெடக்கு. இந்த எண்ணு மட்டும் ஏன்வே இந்த மினுக்கு மினுக்குது?"

நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனால் எதையும் விடாமல் சொன்னேன்.

"அப்போ இது செம்பைப் பாத்து வெட்டுனது."

"ஆமாம். ஆனால் முன்னாலே இருந்ததும் இதேதான். நான் படித்தேன்."

"வேற யாருகிட்டயாவது சொன்னீரா? எழுதி வச்சீரா?"

"இல்லை."

"செம்பைப் பாக்கிறதுக்கு முன்னாடி இந்த எண்ணை உம்ம வாயால ஒருக்காலாவது சொன்னீரா?"

"இல்லை."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, உம்மைப் பொய்யன்னு சொல்லலை. வெட்டாம வெறுமனே கொண்டாந்து நீரு சொல்லியிருந்தா ஒருவேளை நம்பியிருப்பேன். புதுசா வெட்டிக் கொண்டாந்து பழசுங்கீரே" என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சாந்தமானவர். "சம்பந்தி, சந்தேகம்னு வந்துட்டா பிள்ளைங்க நல்லா இருக்கணும்ங்கிறதைத்தான் பாக்கணும். தாலியை எறக்கச் சொல்ல வேண்டாம், அது அவுக பாடு. அம்மா கொஞ்சம் பின்னால இருந்துக்கிடட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பிறகு தம்பி கடைக்கு வந்து சொன்னான். பெரியப்பனும் பெரியம்மையும் மணையில் உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்தார்கள். தாலி வைத்த தட்டைச் சுமங்கலிகள் தொட்டுக் கொடுக்கக் கொண்டுவந்தபோது, அவள் பந்தலின் கடைசிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தட்டு அவள் பக்கம் வரவில்லை. மணப்பெண் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதைக் கேட்டபின் அண்ணாச்சி பட்டாளத்து வெள்ளி வாங்குவதையே விட்டுவிட்டார்.

அன்று களக்காட்டிலிருந்து நான் கிளம்பும்போது நடந்த ஒன்றை அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் தனியாக என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அங்கன நாலு பேர் முன்னால பேசினீய. இப்ப எனக்கு மட்டும் சொல்லுங்க. மொதல்ல மெடல்ல நீங்க படிச்ச எண்ணு என்ன? ஒருக்கா வாயால சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

நான் சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாக, தெளிவாகச் சொன்னேன். சொல்லும்போதே அந்த வெள்ளி விளிம்பை, மூட்டையிலிருந்து எடுத்து முதல்முதல் உருட்டிப் பார்த்த விளிம்பை, கண்ணுக்கு முன்னால் கொண்டுவர முயன்றேன். வந்தது மஞ்சள் நிறமாக இருந்தது. புளி போட்டுத் தேய்த்து மழுங்கிய பித்தளைச் செம்பின் எண்தான் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.