படிவத்தின் பின்பக்கம்

கொட்டச்சேடு எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் கலாவதி. அம்மா வீராயிக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. மகள் சேலத்தில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தாள்.

எண்பத்தொன்பதில், அவளுடைய இரண்டாம் ஆண்டில், 'மலையும் வாழ்வும்' என்று ஒரு புதுப் பாடம் வந்தது. தாவரவியல், புவியியல், பொருளாதாரம் மூன்று துறையும் சேர்ந்து நடத்தும் பாடம். சேர்ந்து என்பதெல்லாம் கால அட்டவணையில்தான். ஒருவர் முடித்துவிட்டுப் போனதும் அடுத்தவர் வருவார். முன்னவர் என்ன நடத்தினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பொருளாதார ஆசிரியர் ஜேசுதாஸ் ஒருநாள் சேர்வராயன் மலையின் கொட்டச்சேடு எஸ்டேட்டின் ஐந்து வருட வருகைப் பதிவேட்டைப் படமாக வரைந்து காட்டினார். பங்குனி, சித்திரையில் பெண்கள் வேலைக்கு வராத நாட்கள் மடமடவென்று ஏறியிருந்தன.

"திருவிழா, கல்யாணம், அப்புறம் கொஞ்சம் சோம்பல்" என்றார். வகுப்பே சிரித்தது. கலாவதி நோட்டில் 'பங்குனி' என்று எழுதி அழுத்தி அடிக்கோடிட்டாள்.

பருவ முடிவில் பாடத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஐந்து கேள்வி, டிக் அடித்தால் போதும், பெயர்கூட வேண்டாம். மற்றவர்கள் வரிசையாக 'நன்று' போட்டுவிட்டு கேண்டீனுக்கு ஓடினார்கள். கலாவதி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்.

'பங்குனியில் மலைச் சுனைகள் வற்றும் என்று புவியியல் ஐயா சொன்னார். அதே மாதம் பெண்கள் வேலைக்கு வருவதில்லை என்று பொருளாதார ஐயா சொன்னார். இருவரும் ஒரே அறையில் இருந்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். சுனை வற்றினால் பள்ளத்து ஓடைக்குப் போகவேண்டும். குடத்தோடு மேடேறி வருவதற்குள் எஸ்டேட் ரைட்டர் பேர் கூப்பிட்டு முடித்துவிடுவார், பிந்தினால் அன்று வேலை கிடையாது. இது சோம்பல் இல்லை. பாடம் நல்ல பாடம். நடத்துகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும்.'

கீழே பெயரும் வகுப்பு எண்ணும் எழுதினாள்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். பாடத்தின் பொறுப்பாளர் தாவரவியல் ஆசிரியை ஜெயகுமாரி. பக்கத்தில் ஜேசுதாஸ், கையில் அந்தப் படிவம்.

"இதை உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சார். நானே கொடம் தூக்கியிருக்கறனுங்க."

அவர் படிவத்தை இன்னொரு தரம் படித்தார். பிறகு, "சனிக்கிழமை உங்க ஊருக்குப் போகலாமா?" என்றார்.

மூன்று ஆசிரியர்களும் பஸ்ஸேறி வந்தார்கள். லைன் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். எந்தெந்த வருடம் சுனை எப்போது வற்றியது என்று அவர்கள் சொல்லச்சொல்ல, ஜேசுதாஸ் பதிவேட்டில் விரலை ஓட்டினார். வருடத்துக்கு வருடம் பொருந்தியது. எண்பத்தாறில் விரல் நின்றது.

"இந்த வருஷம் கோடைமழை நல்லா பெஞ்சிருக்கு. சுனை வத்தல. ஆனா யாரும் வேலைக்கு வரலியே?"

அந்த வருடம் கலாவதி தங்கிப் படித்தது ஏற்காட்டு விடுதியில். அவளுக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த வருசம் லைன் பூரா புள்ளைங்களுக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க" என்றாள் வீராயி. "நொம்ப மோசமுங்க. புள்ளைய உட்டுட்டு எப்படிங்க வேலைக்கு வர்றது?"

ஜேசுதாஸ் தன் அவசரத்தை நினைத்துச் சிரித்துவிட்டார். "அப்ப நாலாவதா ஒரு டாக்டரையும் சேர்க்கணும் மேடம்!" ஜெயகுமாரி அங்கேயே குறித்துக்கொண்டார்.

அடுத்த வருடம் முதல் வகுப்புக்கு மூன்று ஆசிரியர்களும் ஒரு டாக்டரும் ஒன்றாக வந்தார்கள். "போன வருஷம் நான் தப்பா நடத்தினேன். திருத்தினது இவங்க" என்று சொல்லி ஜேசுதாஸ் சாக்பீஸைக் கலாவதியிடம் நீட்டினார். புது மாணவர்கள் முன்னால் அவள் முக்கால் மணிநேரம் பேசினாள். ஒருவரும் சிரிக்கவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தில் 'ஆய்வு அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தோழிகள் அதில் கோடு போட்டார்கள். கலாவதி சுனையையும் பதிவேட்டையும் பற்றி எழுத, கட்டம் போதாமல் தனித்தாள் ஒன்று இணைத்தாள். முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்தது.