நத்தார் மேசையில் ஐந்தாவது தட்டு

கிழக்கு லண்டனில் பார்க்கிங் ஸ்டேஷனில் ரயில் ஏறியதிலிருந்தே மகள் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தாள். போர்த்துக்கேயர் வாசலில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பார்கள், பின்வாங்கக் கூடாது. சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வராது, மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் கொட் மீன் கருவாட்டை அவித்து வைப்பார்கள், முகம் சுழிக்கக் கூடாது. நான் மன்னாரில் பிறந்தவள். கருவாட்டுக்கு முகம் சுழிக்கிற ஆளா?

ஆனால் மகள் விரும்புகிற அந்தப் போர்த்துக்கேயப் பெடியனுக்கு இவளைக் கட்டிக்கொடுக்க எனக்குத் துளியும் விருப்பமில்லை. எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இப்போது பெண்ணும் கேட்கிறார்களாக்கும் என்று எரிச்சல். சாப்பிட்டு முடித்து, சரிவராது என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் போனேன்.

அவர்கள் வீடு தெற்கு லண்டனில், ஸ்டொக்வெல்லில். பெடியனின் தாயும் என்னைப் போலக் கணவனை இழந்தவர். மகள் சொன்னபடியே முத்தம் கொடுத்தார். மேசையில் நாங்கள் நாலு பேர், தட்டு ஐந்து. தன் தகப்பன் இறந்துபோனதைக்கூட இவள் இவர்களுக்குச் சொல்லவில்லையோ என்று மகளை முறைத்தேன். அவள் கவனிக்கவில்லை.

கருவாடு, உருளைக்கிழங்கு, அவித்த கோவா இலை, எல்லாவற்றின் மேலும் ஒலிவ் எண்ணெய். மிளகாய்த்தூள் இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் சொல்லவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் வழக்கம்போல எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். எச்சில் தட்டை மேசையில் விட்டுவைப்பது எங்கள் வீட்டில் தரித்திரம்.

அந்த மனுசி பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பெடியன்தான் ஆங்கிலத்தில் விளக்கினான். இன்று இரவு மேசையை ஒதுக்க மாட்டார்களாம். வீட்டில் இறந்தவர்கள் வந்து சாப்பிடுவார்களாம். ஐந்தாவது தட்டு அவனுடைய தகப்பனுக்கு.

அதற்குள் தாய் உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். என் கணவருக்காம். மகள் எல்லாம் சொல்லித்தான் இருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அழுவதென்றால் எனக்கு வெட்கம், ஆனாலும் நிற்கவில்லை. அழுதபடியே உட்கார்ந்து, ஒரு துண்டு மீனை அந்தத் தட்டில் வைத்து, விரலால் முள் எடுக்கத் தொடங்கினேன்.

"அம்மா, விடுங்கோ. இது சும்மா ஒரு வழக்கத்துக்கு வைக்கிறது," என்றாள் மகள் மெல்ல.

"உன்ர கொப்பருக்கு முள்ளு எடுத்துச் சாப்பிடத் தெரியாது," என்றேன். "நீ கலியாணத்தை எந்த மாசம் வைக்கலாம் எண்டு இவவைக் கேள்."